டோக்கியோ ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைகள்: ஜப்பானிய மொழி தெரியாமல் போனால் பயன் உண்டா?

ஏட்டுப்பிள்ளை:

அனைவருக்கும் வணக்கம். அலுவலக வேலையாக அக்டோபர் மாதக் கடைசியில் டோக்கியோவுக்குச் செல்கிறேன். வேலை முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் அதையடுத்த சனி, ஞாயிறும் என் வசம் இருக்கும். அந்த நாட்களைக் கோயில், கோபுரம், கடைவீதி என்று கூறுபோடாமல், காந்தா வட்டாரத்தில் உள்ள ஜிம்போச்சோவின் பழைய புத்தகக் கடைகளுக்கே பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. எண்களுக்குரிய எழுத்துகளை மட்டும் அடையாளம் காண்பேன். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் எல்லாம் அந்தத் தெருவின் அழகைப் பற்றியும் காப்பிக் கடைகளைப் பற்றியும் பேசுகின்றனவே தவிர, புத்தகம் தேடிப் போகிறவனுக்கு உதவும்படி எதுவும் சொல்வதில்லை. பழைய நிலப்படங்கள், மரச்செதுக்கு அச்சுப் படங்கள், ஆசியாவைப் பற்றிய பழைய ஆங்கில நூல்கள் ஆகியவற்றில் எனக்கு ஆர்வம் உண்டு. தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று வாதிட்ட பேராசிரியர் சுசுமு ஓனோவின் நூல்களும், தென்னிந்திய வரலாற்றை ஆராய்ந்த பேராசிரியர் நொபொரு கராஷிமாவின் ஜப்பானிய நூல்களும் கண்ணில் பட்டால், என்னால் படிக்க முடியாவிட்டாலும், வாங்கி வைத்துக்கொள்ள விரும்புகிறேன்.

எந்த நாளில் போவது நல்லது, மொழி தெரியாதவன் எந்தக் கடைகளில் நுழையலாம், விலை பேசலாமா, வாங்கியவற்றை ஊருக்கு எப்படிக் கொண்டுவருவது ஆகியவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நிழற்சாலை:

வணக்கம் ஏட்டுப்பிள்ளை அவர்களே. டோக்கியோவில் வசிப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாள் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதில் தவறினால் மற்றவை எதுவும் உதவாது. ஜிம்போச்சோவின் பழைய புத்தகக் கடைகளில் பெரும் பகுதி ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் அடைத்திருக்கும். திறந்திருக்கும் நாட்களிலும் காலை பத்து, பதினொன்று மணிக்குத் திறந்து மாலை ஆறு, ஆறரைக்குள் கதவை இறக்கிவிடுவார்கள். இரவு வெகுநேரம் விழித்திருக்கும் டோக்கியோவின் பிற பகுதிகளைப் பார்த்துவிட்டு, வேலை முடிந்து ஏழு மணிக்குப் போய் உலாவலாம் என்று நினைத்துவிடாதீர்கள். எனவே உங்கள் வெள்ளியையும் சனியையும் இதற்கு ஒதுக்கிக்கொண்டு, கோயில் கோபுரங்களை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவையுங்கள்.

சுரங்க ரயிலில் ஜிம்போச்சோ நிலையத்துக்கு ஹன்சோமோன், மீத்தா, ஷின்ஜுகு ஆகிய மூன்று தடங்களும் வருகின்றன. வெளியே வந்தால் யசுகுனி சாலையும் ஹக்குசான் சாலையும் குறுக்கிடும் சந்திப்பில் நிற்பீர்கள். அங்கிருந்து யசுகுனி சாலையில் கிழக்கு நோக்கி, சுருகதாய்ஷித்தா சந்திப்பு வரை நடப்பதுதான் அடிப்படை வழி. கடைகள் ஏறத்தாழ எல்லாமே சாலையின் தென்புறத்தில் மட்டும் வரிசையாக இருப்பதைக் கவனிப்பீர்கள். தென்புறக் கடையின் வாசல் வடக்கே பார்த்திருப்பதால் நேர் வெயில் உள்ளே விழாது, புத்தகத்தின் முதுகு வெளுக்காது, தாள் பழுப்பேறுவதும் தாமதப்படும். நடைபாதையில் தைரியமாக அலமாரிகளை வெளியே வைத்து விற்க முடிவதும் அந்த நிழலால்தான். பிரதான சாலையை முடித்துவிட்டு, அதற்குப் பின்னால் இணையாகச் செல்லும் சுசுரான் தெரு வழியாகத் திரும்பி வாருங்கள்.

இவ்வளவு கடைகள் ஓரிடத்தில் சேர்ந்ததன் காரணம் தெரிந்தால் தேடுவதும் எளிதாகும். 1880களில் இந்த வட்டாரத்தைச் சுற்றிச் சட்டப் பள்ளிகள் தோன்றின; இன்றைய மெய்ஜி, சூஓ, ஹோசெய், சென்ஷு, நிஹோன் பல்கலைக்கழகங்கள் அப்படி வளர்ந்தவையே. மாணவர்கள் பாட நூல்களை வாங்குவதும் விற்பதுமாகத் தொடங்கிய வணிகம் இது. 1913ஆம் ஆண்டுத் தீ விபத்தில் காந்தாவின் பெரும்பகுதி எரிந்தது. அதே ஆண்டில் ஷிகெயோ இவனாமி என்னும் ஆசிரியர் இங்கே ஒரு பழைய புத்தகக் கடையைத் திறந்தார். அடுத்த ஆண்டே நத்சுமே சோசெகியின் நாவலை வெளியிட்டு, அந்தக் கடை ஜப்பானின் முதன்மையான பதிப்பகங்களுள் ஒன்றாக மாறியது. 1923 நிலநடுக்கமும் அதையடுத்த தீயும் மீண்டும் எல்லாவற்றையும் அழித்தன. ஆனால் நூலகங்களும் வீடுகளும் நூல்களை இழந்து நின்றதால், பிழைத்த நூல்களுக்குப் பெரும் தேவை ஏற்பட்டு, கடைகள் விரைவில் தலைதூக்கின. (இதில் நமக்கும் ஓர் இழப்பு உண்டு. இந்தியவியல் அறிஞர் மாக்ஸ் முல்லரின் சொந்த நூலகம் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்தத் தீயில் அதுவும் சாம்பலாயிற்று.)

இப்போது ஏறத்தாழ 130 பழைய புத்தகக் கடைகள் இருப்பதாகச் சொல்வது வழக்கம். அவற்றைப் பொதுக் கடைகள் என்று எண்ணிக்கொண்டு ஒவ்வொன்றாக நுழைந்து வெளியேறுகிறவர்கள்தான் சீக்கிரம் சலித்துப்போகிறார்கள். ஒவ்வொரு கடையும் ஒரு துறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. யாகுச்சி என்றால் திரைப்படம், நாடகம். திரைக்கதைப் பிரதிகளும் பழைய படக் கையேடுகளும் அங்கே கிடைக்கும். தாகயாமா என்றால் சாமுராய் வரலாறு, போர்க்கலை, நோ என்னும் மரபு நாடகம். கொமியாமா என்றால் கலை, நிழற்படம், வடிவமைப்பு. சுசுரான் தெருவில் உள்ள உச்சியாமா, 1917இல் ஷாங்காயில் தொடங்கப்பட்டு லூ சுன் போன்ற சீன எழுத்தாளர்கள் கூடிய கடையின் தொடர்ச்சி. இன்றும் சீன நூல்களுக்குப் பேர்பெற்றது. ஆகவே நீங்கள் கைவசம் கொண்டுபோக வேண்டியது கடைப் பட்டியல் அல்ல, பொருள். "பழைய நிலப்படம்", "தென்னிந்திய வரலாறு" என்று ஒரு துண்டுத் தாளில் ஜப்பானிய எழுத்தில் யாரிடமாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தம்மிடம் இல்லாவிட்டாலும், அந்தத் துறைக்குரிய கடை எது என்று கடைக்காரர் காட்டிவிடுவார். தெருவில் யாரிடம் என்ன இருக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

அது அத்துப்படியாக இருப்பதற்கும் ஒரு ஏற்பாடு உண்டு. யசுகுனி சாலைக்குச் சற்று வடக்கே ஓகவாமாச்சியில் டோக்கியோ பழைய நூல் மாளிகை இருக்கிறது. 1920இல் அமைந்த வணிகர் கூட்டமைப்பின் இடம் அது. வார நாட்களில் அங்கே உறுப்பினர்களுக்கு மட்டுமான ஏலம் நடக்கும். கூவி ஏலம் விடுவதில்லை. கட்டுக்கட்டாகக் கிடக்கும் நூல்களோடு ஓர் உறை சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். வாங்க விரும்பும் வணிகர் தம் தொகையைச் சீட்டில் எழுதி உறைக்குள் போடுவார். ஒரே சீட்டில் ஏறுவரிசையில் சில தொகைகளை எழுதலாம். அவருடைய குறைந்த தொகையே பிறருடைய உச்சத் தொகையைத் தாண்டிவிட்டால், அந்தக் குறைந்த தொகைக்கே சரக்கு அவருக்குப் போய்விடும். ஒரு பேராசிரியரின் நூலகம் மொத்தமாக வந்தாலும், நோ நாடகம் ஒருவருக்கும், நிலப்படம் ஒருவருக்கும், ஆங்கில இலக்கியம் ஒருவருக்கும் என்று அங்கேதான் பிரிந்து போகிறது. நாம் அந்த ஏலத்துக்குள் நுழைய முடியாது. ஆனால் பெரும்பாலான வெள்ளி, சனிக் கிழமைகளில் அதே கட்டடத்தில் தரைக்குக் கீழே உள்ள தளத்தில் பொதுமக்களுக்கான விற்பனைக் காட்சி நடைபெறும். உங்கள் வெள்ளிக்கிழமையை அங்கே தொடங்கலாம். கைப்பையை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

ஓனோ, கராஷிமா நூல்களைப் பற்றி: ஓனோவின் மொழியாய்வு நூல்கள் சிலவற்றை இவனாமி பதிப்பகம் தன் சிறு வடிவ வரிசையில் வெளியிட்டது. மலிவு விலையில் ஏராளமாக அச்சான வரிசை என்பதால், அதன் பழைய பிரதிகள் கடைவாசலில் உள்ள மலிவு விலைத் தட்டுகளிலும் வண்டிகளிலுமே கிடக்கும், சில நூறு யென்னுக்கு மேல் போகாது. ஆசிரியரின் பெயரை ஜப்பானிய எழுத்தில் கைப்பேசியில் வைத்துக்கொண்டு முதுகுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவருடைய கருதுகோளை வரலாற்று மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஆனால் ஜப்பானில் தமிழ் என்ற பெயரையே பொதுவாசகர்களிடம் கொண்டு சேர்த்தவை அந்தச் சிறு நூல்கள்தாம். 1995இல் தஞ்சாவூரில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டை நடத்திய ஆய்வு மன்றத்தின் தலைவராக இருந்த கராஷிமாவின் நூல்கள் வேறு வகை. அவை ஆய்வு நூல்கள். கீழைநாட்டு வரலாற்றுக் கடைகளில் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். ஜப்பான் முழுவதும் உள்ள பழைய நூல் வணிகர்களின் கூட்டமைப்பு நடத்தும் தேடல் தளத்தில் முன்கூட்டியே பெயரைத் தேடினால், எந்தக் கடையில் எந்த விலைக்கு இருக்கிறது என்று தெரிந்துவிடும். புறப்படும் முன் செய்ய வேண்டிய வேலை இது ஒன்றுதான்.

செவ்வந்தி:

நிழற்சாலை அவர்கள் சொன்னதோடு, நிலப்படங்களையும் மரச்செதுக்கு அச்சுகளையும் பற்றி மட்டும் சேர்க்கிறேன்; நான் அவற்றுக்காகவே அங்கே போகிறவள்.

இரண்டுக்கும் நீங்கள் முதலில் போக வேண்டியது ஓயா. 1882இல் தொடங்கிய அந்தக் கடையில், எடோ காலத்து (1603–1868) நூல்கள், அச்சுப் படங்கள், நிலப்படங்கள் ஆகியவை தாள் அடுக்குகளாக இருக்கும். ஆங்கிலத்தில் ஓரளவு பேசுவார்கள் என்பதால் உங்களுக்குத் தயக்கம் இருக்காது. அடுக்கை நீங்களாகப் புரட்டத் தொடங்காமல், பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். ஒவ்வொரு தாளையும் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்காமல், எதிரெதிர் ஓரங்களை இரு கைகளாலும் பிடித்துத் திருப்பினால், நீங்கள் பழகியவர் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். அதன்பின் உள்ளே இருக்கும் பெட்டிகளும் வெளியே வரும்.

நிலப்படங்களில், எடோ நகரை, அதாவது பழைய டோக்கியோவை, பகுதி பகுதியாகப் பிரித்து அச்சிட்ட மடிப்புப் படங்களைத் தேடுங்கள். 1840களின் கடைசியிலிருந்து ஓவாரியா என்னும் பதிப்பாளர் வெளியிட்டவை மிகவும் புகழ்பெற்றவை. மொழி தெரியாதவரும் படிக்கக்கூடிய படம் அது. கோயில்கள் சிவப்பு, சாலைகள் மஞ்சள், நீர்நிலைகள் நீலம், தோப்பும் வயலும் பச்சை, வணிகர் குடியிருப்புகள் சாம்பல், சாமுராய் வீடுகள் வெள்ளை. அந்த வெள்ளைக் கட்டங்களுக்குள் உரிமையாளரின் பெயர் எழுதப்பட்டிருக்கும். ஆனால் பெயர்கள் ஒரே திசையில் இருக்கமாட்டா. ஒன்று நேராகவும், அடுத்தது தலைகீழாகவும், மற்றொன்று பக்கவாட்டிலும் கிடக்கும். அச்சுப் பிழையென்று எண்ண வேண்டாம். பெயரின் முதல் எழுத்து எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் வீட்டின் பெரிய வாசல் இருந்தது. பெரிய நிலப்பிரபுக்களின் தலைமை மாளிகையாக இருந்தால், பெயருக்கு மேல் அவர்களுடைய குலச் சின்னம் பொறிக்கப்பட்டிருக்கும். படத்தைக் கையில் வைத்துச் சுழற்றிப் படிப்பதற்காகவே செய்யப்பட்ட அமைப்பு அது. மேசையில் விரித்துவைத்து நான்கு புறமும் சுற்றிவந்து பார்த்தால்தான் அதன் சுவை தெரியும். இவற்றுக்கு நவீன மறுபதிப்புகளும் நிறைய உண்டு. அவற்றைக் குறைந்த விலைக்குத் தனியே விற்பார்கள். படிப்பதற்கு மட்டுமே வேண்டுமென்றால் மறுபதிப்பே போதும், மடிப்பு கிழியுமோ என்ற பயமும் இல்லை.

மரச்செதுக்கு அச்சுகளில் கவனம் தேவை. கடைக்காரர் ஏமாற்றுவார் என்பதற்காகச் சொல்லவில்லை. புகழ்பெற்ற படங்களுக்கு, அக்காலத்து அச்சு, பிற்காலத்தில் புதிய கட்டைகள் செதுக்கி அச்சிட்ட படி, இருபதாம் நூற்றாண்டில் நேர்த்தியாக எடுத்த மறு அச்சு, வெறும் இயந்திர அச்சு என்று பல அடுக்குகள் உண்டு. நல்ல கடைகள் இதை விலைச்சீட்டிலேயே குறித்திருப்பார்கள். ஆனால் அந்தக் குறிப்பு ஜப்பானிய மொழியில் இருக்கும். ஆகவே வாங்கும்முன் "எந்தக் காலத்து அச்சு" என்று கேட்டுவிடுங்கள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பாருங்கள். கையால் அச்சிட்ட தாளில் சாயம் உள்ளிறங்கிப் பின்னால் தெரியும். தாளைக் கட்டையின் மேல் வைத்துத் தேய்க்கும் வட்டப் பட்டையின் தடம் சுழல் சுழலாகப் பதிந்திருக்கும். இயந்திர அச்சில் பின்பக்கம் வெறுமையாக இருக்கும், பூதக்கண்ணாடியில் முன்பக்கம் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதிகமாகக் காணப்படும் ஓபான் என்னும் அளவு ஏறத்தாழ 39க்கு 26 சென்டிமீட்டர். ஓரங்கள் வெட்டப்பட்டிருந்தால் விலை குறையும். இராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டைகளைப் பின்னால் தாள் ஒட்டி அடைத்திருப்பார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒட்டு தெரிந்துவிடும். அதைக் குறையாக எண்ணாமல், விலையில் அது கழிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஹொக்குசாய், ஹிரோஷிகே என்று பெரிய பெயர்களைத் தேடினால் உங்கள் பயணச் செலவையும் சேர்த்து விழுங்கிவிடும். மெய்ஜி காலத்தில் (1868–1912) அதிகம் அறியப்படாத ஓவியர்கள் வரைந்த நாடக நடிகர் படங்களும், பள்ளிப் பாடப் படங்களும், கதைப் புத்தகங்களிலிருந்து பிரிந்த ஒற்றைத் தாள்களும் சில ஆயிரம் யென்னுக்கே அசலாகக் கிடைக்கின்றன. என்னைக் கேட்டால், ஹொக்குசாயின் மிகப் புகழ்பெற்ற அலைப் படத்தின் மறு அச்சைவிட, பெயர் தெரியாத ஒருவரின் அசல் அச்சு மேலானது.

ஏட்டுப்பிள்ளை:

இருவருக்கும் மிக்க நன்றி. பெயர்களின் தலை வாசலைக் காட்டும் என்ற செய்தி, வாங்காவிட்டாலும் அந்தப் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற எண்ணத்தை ஏற்படுத்திவிட்டது. இன்னும் இரண்டு ஐயங்கள். அக்டோபர் கடைசியில் அங்கே பழைய நூல் விழா நடக்கும் என்று படித்தேன். என் நாட்கள் அதனோடு ஒத்துப்போனால் அது நல்லதா, தொல்லையா? விலை பேசுவதைப் பற்றியும் யாரும் இன்னும் சொல்லவில்லை.

பொறுமையன்:

விழாவைப் பற்றி என் கருத்து: முதல்முறை போகிறவர், அதுவும் நிலப்படமும் அச்சுப் படமும் தேடிப் போகிறவர், விழாவைத் தவிர்ப்பதே நல்லது. 1960இல் தொடங்கிய காந்தா பழைய நூல் விழா, ஆண்டுதோறும் அக்டோபர் கடைசியில் தொடங்கி, நவம்பர் 3ஆம் நாள் பண்பாட்டு நாள் விடுமுறையை ஒட்டி முடியும். யசுகுனி சாலை நடைபாதையில் ஒருபுறம் கடைகள், மறுபுறம் தற்காலிக அலமாரிகள், நடுவில் தோளோடு தோள் உரசும் கூட்டம். அலமாரிகளில் உள்ளவை பெரும்பாலும் ஜப்பானிய மொழி நூல்கள். அந்த நாட்களில் கடைக்காரர்கள் தெருவில் நிற்பார்கள். மேல்மாடியில் உட்கார்ந்து உங்களுக்குப் பெட்டிகளைத் திறந்துகாட்ட யாருக்கும் நேரம் இருக்காது. மழை பிடித்துக்கொண்டால் வெளி அலமாரிகள் மொத்தமும் பிளாஸ்டிக் விரிப்புக்குள் போய்விடும்.

விலை பேசும் வழக்கம் இல்லை. இதற்கும் அந்த இவனாமிதான் ஒரு காரணம். பேரம் பேசி வாங்குவதே பழைய புத்தக வணிகத்தின் இயல்பாக இருந்த காலத்தில், 1913இல் கடை திறந்த நாளிலிருந்தே எழுதிய விலைக்குத்தான் விற்பேன் என்று அவர் நின்றார். வாடிக்கையாளர்கள் முதலில் முகம் சுளித்தாலும், பின்னர் அதுவே அவர் கடையின் நம்பகத்துக்கு அடையாளமாயிற்று. இன்று எல்லாக் கடையிலும் விலை எழுதியே இருக்கிறது. கடைசித் தாளின் உட்புறத்தில் பென்சிலாலோ ஒட்டிய சிறு சீட்டிலோ பார்க்கலாம். சில சீட்டுகளில் எண்கள் ஜப்பானிய எழுத்தில் இருக்கும். உங்களுக்கு அது தெரியும் என்பதால் கவலையில்லை. அதிகத் தொகைக்கு ஒரே கடையில் பல பொருள்கள் எடுத்தால், அவர்களாகவே சில்லறையைக் குறைப்பதுண்டு. நீங்களாகக் கேட்காதீர்கள். பணமாகவும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், சிறிய கடைகள் பல அட்டையை ஏற்பதில்லை.

கடைக்குள் நடந்துகொள்ளும் முறை மூன்று வரியில் முடிந்துவிடும். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், இரண்டு அலமாரிகளுக்கிடையே ஒருவர் நடக்கவே இடம் இருக்கும். கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கும் தொகுதிகளை அவிழ்க்காதீர்கள். அட்டைப்பெட்டி உறைக்குள் இருக்கும் நூலின் முதுகை விரலால் கொக்கிபோட்டு இழுக்காமல், பெட்டியைச் சாய்த்து நூல் தானாக வழுகி வரும்படி உள்ளங்கையில் வாங்குங்கள். தலைப்பட்டை கிழிந்த நூல்கள் பெரும்பாலும் இழுத்ததால் கிழிந்தவை.

நூல் எந்த ஆண்டுப் பதிப்பு என்று தெரிய முன்பக்கம் தேட வேண்டாம், ஜப்பானிய நூல்களில் பதிப்பு விவரம் கடைசிப் பக்கத்தில் இருக்கும். ஆண்டு, பேரரசர் காலக் கணக்கில் எழுதப்பட்டிருந்தால், மெய்ஜிக்கு 1867, தாய்ஷோவுக்கு 1911, ஷோவாவுக்கு 1925 கூட்டிக்கொள்ளுங்கள். தாய்ஷோ 12 என்று இருந்தால் அது நிலநடுக்கம் வந்த 1923ஆம் ஆண்டு. அந்த ஆண்டு செப்டம்பருக்கு முன் டோக்கியோவில் அச்சாகிப் பிழைத்த நூல்களை எடுத்துப் பார்க்கும்போது எனக்கு இன்றும் ஒரு மரியாதை வருகிறது.

நிழற்சாலை:

பொறுமையன் அவர்களோடு விழா விஷயத்தில் நான் உடன்படவில்லை. கூட்டம் இருப்பது உண்மை. ஆனால் ஏட்டுப்பிள்ளை கேட்டிருப்பவற்றில் ஓனோவின் சிறு நூல்களும் உண்டு. அவை விழா அலமாரிகளில் கிடைப்பதுபோல் வேறெப்போதும் கிடைக்கமாட்டா. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை அடைத்திருக்கும் கடைகளில் பல, விழா ஞாயிறு அன்று திறந்திருக்கும் என்பதால், அவருக்கு ஒரு நாள் கூடுதலாகவும் கிடைக்கிறது. தொடக்க நாட்களில் பழைய நூல் மாளிகையில் அரிய நூல்களுக்கென்றே தனி விற்பனைக் காட்சி வைப்பார்கள். வாங்க வசதி இல்லாவிட்டாலும், கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே அவற்றைக் கையெட்டும் தூரத்தில் பார்க்க வேறு வாய்ப்பு இல்லை. வெள்ளி காலையில் கடை திறந்ததும் ஓயாவுக்குப் போய் நிலப்பட வேலையை முடித்துவிட்டு, பிற்பகலில் விழாக் கூட்டத்துக்குள் இறங்கினால் இரண்டும் கைகூடும்.

ஆங்கில நூல்களைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. 1902இல் தொடங்கிய கிதாசாவா ஆங்கில இலக்கியத்துக்கும் மானிடவியல் போன்ற துறைகளுக்கும் உரியது. கீழ்த்தளத்தில் இப்போது குழந்தைகள் நூல்களும் காப்பியும் விற்கும் கடை இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு இடம் மாறிவிட்டோம் என்று திரும்பிவிடாமல், மாடிப்படி ஏறுங்கள். இஸ்ஸெய்தோவில் கீழே ஜப்பானிய நூல்கள், மேல்மாடியில் மேலை மொழி நூல்கள். ஜப்பானையும் ஆசியாவையும் பற்றிப் பயணிகளும் அறிஞர்களும் எழுதிய பழைய பதிப்புகள் அங்கே இருக்கும். விலை கூடுதல்தான். 1931இல் கட்டிய அந்தக் கட்டடத்தின் கனமான கதவையும் படிக்கட்டையும் கண்டு பலர் வாசலிலேயே தயங்கி நின்றுவிடுகிறார்கள். உள்ளே போய் ஒன்றும் வாங்காமல் வந்தாலும் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் பிற்பகல் பசியில் அலைய வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஜிம்போச்சோ, கறிச் சோற்றுக்கும் (ஜப்பானியக் குழம்புச் சோறு) பேர்போன இடம். ஒரு கையில் கரண்டியும் மறு கையில் புத்தகமுமாகச் சாப்பிட முடிவதால்தான் இங்கே அது பரவியது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். காந்தா பழைய நூல் மையத்தின் இரண்டாம் தளத்தில் உள்ள போண்டி என்னும் உணவகத்தில் கறிக்கு முன்னால் வெண்ணெயோடு அவித்த உருளைக்கிழங்கு வரும். நம் ஊர்க் குழம்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நீங்கள் சைவம் என்றால், காய்கறிக் கறி என்று எழுதியிருந்தாலும் சாறு இறைச்சியில் எடுத்ததாக இருக்கலாம் என்பதால், கேட்டுவிட்டு உட்காருங்கள்.

செவ்வந்தி:

ஊருக்குக் கொண்டுவருவதைப் பற்றிய கேள்வி மீதி இருக்கிறது. அச்சுப் படங்களையும் பழைய நிலப்படங்களையும் அஞ்சலில் அனுப்பாதீர்கள், குழாயில் சுருட்டியும் வைக்காதீர்கள். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்துத் தரும்படி கேட்டால் கடையிலேயே கட்டித் தருவார்கள். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானத்தில் ஏறுங்கள். பழைய பொருள் என்பதால் வெளியே கொண்டுபோகத் தடை இருக்குமோ என்று சிலர் பயப்படுவார்கள். 1950ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம், அரசு தனியாக அறிவித்துப் பதிவு செய்த பொருள்களின் ஏற்றுமதியைத்தான் கட்டுப்படுத்துகிறது. கடையில் விலைச்சீட்டோடு அடுக்கில் கிடக்கும் மெய்ஜி காலத்து அச்சுக்கு அது பொருந்தாது. ரசீதை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

நூல்களின் கனம்தான் சிக்கல். சில கடைகள் வெளிநாட்டுக்குத் தாங்களே அனுப்பிவைப்பார்கள். இல்லையென்றால் அஞ்சல் நிலையத்தில் அச்சுப் பொருள் என்ற வகையில் ஒரு பொதிக்கு 5 கிலோ வரை அனுப்பலாம். அதற்கு மேல் போனால் பார்சலாக அனுப்பலாம். அப்போது சுங்கப் படிவத்தைக் கையால் எழுதினால் ஏற்கமாட்டார்கள் என்பதால், அஞ்சல் துறையின் தளத்தில் நிரப்பி அச்சிட்டுக்கொண்டு போக வேண்டும். வரி விலக்குக்குப் பதிவு செய்துள்ள கடையாக இருந்தால், ஒரே நாளில் ஒரே கடையில் வரி நீங்கலாகக் குறைந்தது 5,000 யென்னுக்கு வாங்கும்போது 10 விழுக்காட்டு நுகர்வு வரி உங்களுக்கு மிஞ்சும். கடவுச்சீட்டைக் கையோடு வைத்திருங்கள். 2026 நவம்பர் 1 முதல், வரியையும் சேர்த்துக் கட்டிவிட்டு, நாட்டைவிட்டுப் புறப்படும்போது திரும்பப் பெறும் முறைக்கு மாறுகிறார்கள். வரி விலக்கில் வாங்கியவற்றை விமான நிலையச் சுங்கத்தில் காட்டச் சொல்லலாம் என்பதால், அவற்றை அஞ்சல் பொதியில் சேர்க்காமல் கையோடு எடுத்துச் செல்லும் பெட்டியில் வையுங்கள்.